கொம்பும் தாமரையும்

பொன் வழி – 11

சென்ற இதழில் செங்கடலைக் கடந்துவந்த ரோமப் பொன் முசிறித் துறையில் இறங்கியதைப் பார்த்தோம். இந்த இதழில் மறுகோடிக்குப் போவோம். இடம் வங்காளம். ஆண்டு 1783.

கொல்கத்தாவின் கிடர்பூர் என்றால் இன்று நினைவுக்கு வருபவை 1892-ல் திறந்த கப்பல்துறை, லாரி வரிசை, வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஃபேன்சி மார்க்கெட். ஊரின் எல்லையில் ஒரு பாலம் இருக்கிறது. அதன் கீழே கறுத்து ஓடிவந்து ஹூக்ளியில் கலக்கும் நீருக்கு டாலி நாலா என்று பெயர். முன்பு கங்கையின் பெரும் ஓட்டம் இந்த வழியாகவே கடலுக்குப் போனதால் ஆதிகங்கை என்பதும் அதன் பெயர்தான். தூர்ந்து கிடந்த இந்த வாய்க்காலை வில்லியம் டாலி என்ற ஆங்கில அதிகாரி 1775-ல் வெட்டத் தொடங்கி, 1777-ல் படகுப் போக்குவரத்துக்குத் திறந்தார். போகிற வருகிற படகுகளிடம் சுங்கமும் வாங்கினார்.

கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் காலம் அது. அவருடைய கவுன்சிலில் அவர் பக்கம் நின்ற ரிச்சர்ட் பார்வெல்லின் மாளிகை கிடர்பூரில் இருந்தது. ஜெயநாராயண் கோஷால் அதே ஊரில் பூகைலாஸ் அரண்மனையையும் இரட்டைச் சிவன் கோயில்களையும் எழுப்பியதும் 1780-களின் தொடக்கத்தில்தான். அந்த நாளில் கிடர்பூரில் படகேறி நாலாவின் வழியே உள்ளே சற்றுத் தூரம் போனால் காளிகாட் வந்துவிடும்.

இந்த இதழின் கதை ஒரு பொற்காசுப் புதையலில் தொடங்குகிறது. அந்தக் காளிகாட்டின் பெயரில்தான் அது வரலாற்றில் பதிந்திருக்கிறது. 1783-ல் 200-க்கும் மேற்பட்ட பழைய பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவை நபகிருஷ்ணன் என்பவர் கைக்கு வந்தன. இவர் சோபாபஜார் ராஜா நபகிருஷ்ண தேவ் என்றே பலரும் கருதுகிறார்கள். கிளைவ் காலத்திலிருந்து கம்பெனிக்கு வேண்டியவர். யாரிடம் எதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அறிந்தவர். காசுகளை ஹேஸ்டிங்ஸிடம் சேர்ப்பித்தார். ஹேஸ்டிங்ஸ் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சில, வில்லியம் ஹன்டரின் சேகரிப்புக்குச் சில, ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சில என்று பங்கிட்டார்கள். மிஞ்சியவை உருக்கப்பட்டன.

உருக்கியவர்களைத் திட்டுவது இன்று சுலபம். அந்தக் காசுகளில் இருந்த எழுத்தை அப்போது கல்கத்தாவிலோ லண்டனிலோ படிக்கத் தெரிந்தவர் இல்லை. புதையல் கிடைத்த அதே 1783-ன் செப்டம்பரில்தான் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் கப்பலிலிருந்து இறங்கினார். ஆசியாட்டிக் சொசைட்டி பிறந்தது அடுத்த ஆண்டு ஜனவரியில். பெயர் தெரியாத அரசனுடைய, படிக்க முடியாத பொன்னுக்கு ஒரே மதிப்பு எடைதான் என்று இயக்குநர்கள் முடிவு செய்தார்கள்.

காசில் இருந்தது இதுதான். ஒரு பக்கம் வில்லேந்தி நிற்கும் அரசன். அருகில் கருடக் கொடி. மறுபக்கம் தாமரைமேல் அமர்ந்த ஒரு பெண்தெய்வம். இன்று அவற்றைப் படிக்க முடிகிறது. நரசிம்மகுப்தன், மூன்றாம் குமாரகுப்தன், விஷ்ணுகுப்தன் ஆகிய பிற்காலக் குப்த மன்னர்களின் காசுகள் அவை. கடைசி இருவரும் 6-ஆம் நூற்றாண்டினர். தாமரைமேல் இருப்பவள் லட்சுமி.

இந்த லட்சுமியின் முன்னோர்களில் ஒருத்தி ரோமில் இருந்தாள் என்பதே இந்த இதழின் கதை.

*

ரோமர்களின் பொற்காசுக்கு ஆரியஸ் என்று பெயர். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோம ராத்தல் பொன்னில் 40 முதல் 42 காசு அடித்தார்கள். ஒரு காசு ஏறத்தாழ 7.8 கிராம். ஒரு பொற்காசுக்கு 25 வெள்ளி தினாரியஸ். கி.பி. 64-ல் நீரோ அதே ராத்தலில் 45 காசு அடிக்கச் சொன்னான். காசு 7.3 கிராமுக்கு இளைத்தது. இந்த இரண்டு எடைகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு புதிருக்குத் தேவைப்படும்.

ரோமின் பழைய அக்கசாலை கேபிடோலின் குன்றில் ஜூனோ மொனேட்டா என்ற தேவியின் கோயிலை ஒட்டி இருந்தது. காசு அடிப்பது அங்கே தெய்வத்தின் கண்முன்னால் நடந்த வேலை. காசின் ஒரு பக்கம் அரசன் தலை, மறுபக்கம் பெரும்பாலும் ஒரு தெய்வம் என்பது பேரரசுக் காலத்தில் நிலைபெற்ற வழக்கம். அந்த மறுபக்கத்தில் எந்தத் தெய்வம் வந்தது என்பதற்குப் பெரும்பாலும் அரசியல் காரணம் இருந்தது. கி.பி. 65-ல் நீரோவைக் கொல்லச் சதி நடந்து வெளிப்பட்டது. அடுத்து வந்த பொற்காசில் ஜூப்பிட்டர் அரியணையில் அமர்ந்திருக்கிறார். பெயரோடு ‘காவலர்’ என்ற பட்டமும் பொறித்திருக்கிறது. உயிர் தப்பியவன் நன்றி சொன்னான். நாட்டில் போர் ஓய்ந்தது என்று காட்ட, கதவடைத்த ஜேனஸ் கோயிலைக் காசில் அடித்தவனும் அவனே. போர்க்காலத்தில் அந்தக் கோயில் கதவு திறந்தே கிடக்க வேண்டும் என்பது ரோம மரபு.

டொமிஷியன் மினர்வாவின் பக்தன். அவன் காசுகளில் கேடயமும் ஈட்டியுமாக அவள் திரும்பத் திரும்ப வருகிறாள். ஹேட்ரியன் ஸ்பெயின் நாட்டுக் குடும்பத்தில் வந்தவன். அந்த மண்ணின் ஹெர்குலிஸுக்கு அவன் பொன்னில் இடம் கிடைத்தது. இறந்த அரசர்களும் தெய்வமானார்கள். டைபீரியஸ் தன் காசில் அகஸ்டஸைத் ‘தெய்வ அகஸ்டஸ்’ என்று பொறித்தான். தந்தை தெய்வமென்றால் மகன் தெய்வத்தின் மகன் என்பது அதில் அடங்கிய கணக்கு.

நமக்கு வேண்டியவள் இவர்களுக்கு நடுவில் அதிக ஆரவாரமில்லாமல் வருகிற ஒருத்தி. பெயர் ஃபார்ச்சூனா. கிரேக்கர்கள் டைகி என்றார்கள். ஆக்கமும் பேறும் தருபவள். ஒரு கையில் கப்பலின் சுக்கான், மறு கையில் பழமும் கதிரும் வழியும் ஓர் ஆட்டுக்கொம்பு. சுக்கான் வாழ்க்கையைத் திருப்பும். கொம்பு வற்றாமல் கொடுக்கும். வெஸ்பேஷியன் முதல் பல அரசர்கள் அவளைத் தங்கள் காசில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கொம்பைக் கண்காணித்தபடி கிழக்கே வருவோம்.

*

ரோமப் பொன் இந்தியாவில் அதிகம் கிடைத்திருப்பது தென்னாட்டில். 1847-ல் கண்ணூர்ப் பக்கத்துக் கோட்டயத்தருகே நூற்றுக்கணக்கான பொற்காசுகள் வெளிப்பட்டன. 1898-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் ஒரு பானைக்குள் 501 பொற்காசுகள் இருந்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேஷியன் வரை பல அரசர்களின் தலைகள். 1983-ல் எர்ணாகுளம் மாவட்டத்து வள்ளுவள்ளியில் 252. இந்தியாவுக்கு வந்த அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளில் பெரும்பகுதி ரோமில் அடித்தவையும் அல்ல. இன்றைய பிரான்சின் லியோன் நகர அக்கசாலையில் அடித்தவை. காவிரிக்கரைக்கு வந்த காசு ரோன் நதிக்கரையில் பிறந்தது.

கறுக்காக்குறிச்சிக் காசுகளில் ஒரு விசேஷம். பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. தற்செயலான கீறல் என்று சொல்ல முடியாதபடி தலையின்மேல் குறிவைத்த வெட்டு. உள்ளே செம்போ ஈயமோ இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்பது ஒரு கருத்து. இனி இது காசாகச் செல்லாது, பொன்கட்டியாகவே செல்லும் என்று அறிவித்தார்கள் என்பது இன்னொன்று. எதுவானாலும் ஒன்று தெளிவு. அந்த முகத்துக்கு இங்கே அதிகாரம் கிடையாது என்று யாரோ ஒருவர் உளியெடுத்துச் சொல்லியிருக்கிறார்.

தெலுங்கு, கன்னட நாடுகளில் வேறு விதம். அங்கே கிடைத்த பல ரோமக் காசுகளில் தலைக்கு மேலே இரண்டு துளைகள் இருக்கின்றன. கோத்துக் கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். ரோமச் சக்கரவர்த்தி காசுமாலையில் ஒரு காசானார்.

தமிழ் மன்னர்கள் காசு அடிக்கத் தெரியாதவர்கள் அல்லர். மீன், புலி, வில், யானை பொறித்த செப்புக்காசுகள் ஏராளம். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் ‘மாக்கோதை’ என்ற தமிழி எழுத்தோடு ஓர் அரசன் தலை இருக்கிறது. அந்தத் தலையின் சாயலில் ரோமக் காசைப் பார்த்த கண் தெரிகிறது. ஆனால் ரோமப் பொன்னை உருக்கித் தங்கள் தெய்வத்தைப் பதித்த பொற்காசு எதையும் சேர சோழ பாண்டியர் சங்க காலத்தில் விட்டுச்செல்லவில்லை. மிளகுக்கு விலையாக வந்த பொன் பொன்னாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஜூப்பிட்டரும் ஃபார்ச்சூனாவும் பானைக்குள் போய் மண்ணுக்குள் உறங்கினார்கள்.

எடையே மதிப்பு என்ற இந்தப் பார்வைக்கு இலங்கையிலிருந்து ஒரு சாட்சி உண்டு. சொன்னவர் மூத்த பிளினி. செங்கடல் வரிவசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஆனியஸ் பிளோகாமஸ் என்பவனிடம் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரேபியக் கரையோரம் போகையில் காற்றில் சிக்கி இலங்கையில் ஒதுங்கினான். அவனிடமிருந்த வெள்ளித் தினாரியஸ்களைப் பார்த்த அரசனுக்கு வியப்பு. தலைகள் வெவ்வேறு, எனவே அடித்தவர்கள் வெவ்வேறு. எடை மட்டும் ஒன்றாக இருந்தது. இவ்வளவு நேர்மையான நாடா என்று மகிழ்ந்து ரோமுக்குத் தூதர்களை அனுப்பினான் என்கிறார் பிளினி. அந்த அரசன் கண்ட தெய்வம் தராசுத் தட்டில் இருந்தது.

இதே பிளினிதான் இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்று புலம்பியவர். 100 செஸ்டர்ஸ் ஒரு பொற்காசு. அவர் கணக்குச் சரியென்றால் ஆண்டுக்கு 5 லட்சம் பொற்காசின் மதிப்பு. அவர் மிகைப்படுத்தினார் என்றே பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். பாதியைத் தள்ளினாலும் மிச்சம் சிறிய தொகையல்ல.

*

வடக்கே நடந்தது வேறு. ஆமூ நதி தொடங்கிக் கங்கைச் சமவெளி வரை ஆண்ட குஷாணர்கள் தெய்வத்தை மாற்றித் தாங்களே காசு அடித்தார்கள். 2-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீம காட்பிசஸ் இந்தியாவில் பெரிய அளவில் பொற்காசைத் தொடங்கிவைத்தான். ஒரு பக்கம் அவன்; மறுபக்கம் சூலமேந்திய சிவன். காசு ஏறத்தாழ 8 கிராம்.

இங்கேதான் அந்தப் புதிர். ரோமின் காசைப் பார்த்து எடையை வைத்தான் என்றால் தன் காலத்து ரோமக் காசையல்லவா பின்பற்றியிருக்க வேண்டும்? அப்போது ரோமில் அடித்தது நீரோ இளைக்க வைத்த 7.3 கிராம் காசு. வீமன் பிடித்துக்கொண்டதோ அகஸ்டஸின் பழைய எடைக்கு நெருக்கமானதை. நல்ல காசு என்று வணிகர்களிடம் பெயர் வாங்கிய பழைய எடையை அவன் அளவுகோலாகக் கொண்டிருக்கலாம். ரோமக் காசை உருக்கியே குஷாணர் காசடித்தார்கள் என்று முன்பு அடித்துச் சொன்னவர்கள் உண்டு. பொன்னின் உட்கலப்பை ஆராய்ந்த பிற்கால வேதியியல் ஆய்வுகள் அதை எளிதில் ஏற்கவில்லை. பொன் வேறு எங்கிருந்தும் வந்திருக்கலாம். எடையின் மேல் இருந்த நம்பிக்கை மேற்கிலிருந்து வந்தது.

வீமனின் மகன் கனிஷ்கன் காலத்தில் ஒரு சுவையான மாற்றம். அவனுடைய முதல் காசுகளில் எழுத்து கிரேக்கம், மொழியும் கிரேக்கம். தலையைச் சுற்றிக் கதிர் வீசும் சூரியனுக்கு ஹீலியோஸ் என்று பெயர் பொறித்தார்கள். பிறகு அரசன் தன் பாக்டிரிய மொழிக்கு மாறினான். அதே உருவம், அதே கதிர், அதே நிற்கும் நிலை; பெயர் மட்டும் மீரோ. செலீனி என்ற நிலவு மாவோ ஆனாள். நெருப்புத் தெய்வம் ஹெஃபைஸ்டஸ் அத்ஷோ ஆனார். அச்சு வெட்டும் தட்டானுக்கு வேலை மிச்சம். குடிகளுக்குச் சொந்தத் தெய்வம் கிடைத்தது. மிக அரிதாகப் புத்தரும் ‘போத்தோ’ என்ற பெயரோடு கனிஷ்கனின் பொன்னில் நிற்கிறார்.

அவனுக்குப் பின் வந்த ஹுவிஷ்கன் தன் காசுகளில் தெய்வங்களின் மாநாடே கூட்டினான். எகிப்திலிருந்து சராபிஸ், கிரேக்கத்திலிருந்து ஹெராக்ளிஸ், ஈரானிலிருந்து பலர், இந்தியாவிலிருந்து உமை. தமிழ் வாசகர்கள் நின்று பார்க்க வேண்டிய காசும் அவனுடையதே. ஸ்கந்த குமாரன், விசாகன், மகாசேனன் என்று முருகனின் பெயர்கள் கிரேக்க எழுத்தில் பொறித்த பொற்காசுகள் அவை. இன்று நாம் ஒருவனுக்கே சூட்டும் அந்தப் பெயர்கள் அங்கே தனித்தனி உருவங்களாக நிற்கின்றன. முருகன் பொன்னில் ஏறியது பழனிக்கு வெகு தூரத்தில், 2-ஆம் நூற்றாண்டில்.

இந்த மாநாட்டின் ஓர் ஓரத்தில் அர்தோக்ஷோ என்ற ஈரானியத் தேவி நிற்கிறாள். செல்வம் தருபவள். அவள் ஏந்தியிருப்பது நாம் தேடிவந்த கொம்பு. சுக்கானைக் காணோம்; ஆமூ நதிக்கரைத் தெய்வத்துக்குக் கடற்கப்பல் எதற்கு? ஹுவிஷ்கனுக்குப் பின் பேரரசு சுருங்கியது. சுருங்கச் சுருங்கத் தெய்வங்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் குஷாணப் பொன்னில் நிலைத்தவர்கள் காளையோடு நிற்கும் சிவனும், உயர்ந்த முதுகுள்ள அரியணையில் கொம்போடு அமர்ந்த அர்தோக்ஷோவும்தான்.

*

4-ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தன் பொற்காசு அடித்தபோது அவன் தட்டான்கள் முன்னால் இருந்த மாதிரி இந்தக் கடைசிக் குஷாணக் காசுதான். முதல் காசுகளில் சமுத்திரகுப்தன் குஷாணன் போலவே நீண்ட அங்கியும் கால்சட்டையுமாக நின்று வேள்விமேடையில் ஆகுதி இடுகிறான். பக்கத்தில் கருடக் கொடி. கைக்குக் கீழே செங்குத்தாகப் பிராமி எழுத்தில் ‘சமுத்ர’. மறுபக்கம் அரியணையில் தேவி, கையில் கொம்பு. பாதத்தின் கீழே மட்டும் ஒரு தாமரை முளைத்திருக்கிறது.

அவன் மகன் இரண்டாம் சந்திரகுப்தன் காலத்தில் மிச்ச மாற்றமும் நடந்தது. அரியணை போனது, தாமரையே ஆசனமாயிற்று. கொம்பு போனது, கையில் தாமரைத் தண்டு வந்தது. லட்சுமி முழுவதும் லட்சுமியாகிவிட்டாள். சந்திரகுப்தனின் காசுகளை வரிசையாக அடுக்கினால் இந்த மாறுதலைப் படிப்படியாகக் காணலாம். அடுத்து வந்த முதலாம் குமாரகுப்தன் தன் பெயருக்கேற்ப ஒரு காசு அடித்தான். ஒரு பக்கம் அரசன் மயிலுக்கு இரை கொடுக்கிறான். மறுபக்கம் மயில்மேல் கார்த்திகேயன். குப்தர் காசுகளில் அழகில் முதலிடம் அதற்கே தரலாம்.

காசின் பெயர் மட்டும் ரோமை விடவில்லை. தினாரியஸ் என்ற வெள்ளிக்காசின் பெயர் குப்தர் நாட்டில் தீனாரம் என்று பொற்காசுக்கு ஆயிற்று. வங்காளத்துச் செப்பேடுகளில் நிலத்தின் விலையே தீனாரத்தில்தான். வடவங்காளத்துத் தாமோதர்பூரில் கிடைத்த செப்பேடுகளில் ஒன்று கி.பி. 444-ஐச் சேர்ந்தது. வேள்வி செய்ய ஓர் அந்தணர் தரிசு நிலம் வாங்கினார். ஒரு குல்யவாப நிலத்துக்கு விலை 3 தீனாரம். அதே தாமோதர்பூரின் இன்னொரு செப்பேடு கி.பி. 543-ஐச் சேர்ந்தது. அயோத்தியிலிருந்து வந்த அமிர்ததேவன் என்பவன் கோயிலுக்காக 5 குல்யவாபம் வாங்கினான். விலை 15 தீனாரம். நூறாண்டு கழிந்தும் குல்யவாபத்துக்கு அதே 3.

விலை ஏறவில்லை என்று மகிழ்வதற்கு முன் காசை உரைகல்லில் தேய்க்க வேண்டும். 444-ல் தீனாரம் ஏறத்தாழ 8 கிராம். மாற்று உயர்ந்த பொன். ஸ்கந்தகுப்தன் காலத்தில் எடை 9 கிராமுக்கு மேல் ஏறிவிட்டது. கூடவே பொன்னில் கலப்பும் ஏறியது. 543-ஐ ஒட்டிய காலத்தில் புழங்கிய காசுகள் விஷ்ணுகுப்தனுடையவை போன்றவை. கைக்குக் கனமானவை. உள்ளே ஏறத்தாழப் பாதிதான் பொன். காளிகாட்டில் கிடைத்த கடைசிக் காசுகள் இந்த இனம். கருடக் கொடி இருக்கிறது. அரசனின் வில் இருக்கிறது. லட்சுமி தாமரைமேல் அசையாமல் இருக்கிறாள். பொன் மட்டும் வெளிறிவிட்டது. ஏட்டில் விலை 3 என்று நிற்க, நிலத்தை விற்றவருக்குக் கிடைத்த பொன் குறைந்துகொண்டே போயிற்று. ஹூணர்களோடு நடந்த போர்களும் கைவிட்டுப்போன மாகாணங்களும் அதற்குக் காரணங்கள்.

இது குப்தர்களின் தனிக்குறை அல்ல. 3-ஆம் நூற்றாண்டில் ரோமின் கேலியனஸ் காலத்தில் வெள்ளிக்காசில் வெள்ளி மேற்பூச்சளவுக்கு வந்துவிட்டது. அந்தக் காசுகளில்தான் தெய்வங்கள் கூட்டமாக வந்தார்கள். டயானாவுக்கு மான், நெப்டியூனுக்குக் கடற்குதிரை, அப்போலோவுக்கு வேறொன்று என்று ஆளுக்கொரு விலங்கு. எல்லாவற்றிலும் ‘அரசனைக் காப்பவர்’ என்ற வாசகம். எல்லையில் படையெடுப்பு, உள்ளே கலகம், கஜானாவில் ஒன்றுமில்லை. உலோகத்தால் தர முடியாத நம்பிக்கையைத் தெய்வங்களிடம் கடன் வாங்கினான் அரசன். காசின் நான்கு அங்கங்களான முகம், தெய்வம், எடை, மாற்று இவற்றில் கஷ்டகாலத்தில் முதலில் குறைவது கண்ணுக்குத் தெரியாத மாற்றுத்தான். கண்ணுக்குத் தெரியும் தெய்வம் கடைசிவரை நிற்கும். கறுக்காக்குறிச்சியில் உளியெடுத்தவர் நம்பாமல் விட்டது இந்தக் கண்ணுக்குத் தெரிகிற பகுதியைத்தான் என்று இப்போது படுகிறது.

காளிகாட் காசுகள் அடித்த அதே 6-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் மறுபடி ஒரு ரோம வணிகன். பெயர் சோபாட்ரஸ், எழுதியவர் காஸ்மஸ் என்ற அலெக்சாந்திரியத் துறவி. யாருடைய பேரரசர் பெரியவர் என்று இலங்கை அரசன் கேட்க, அங்கிருந்த பாரசீக வணிகன் ஒருவன் தன் அரசனைப் புகழ்ந்தான். சோபாட்ரஸ் இரண்டு நாட்டுக் காசுகளையும் எடுத்துக்காட்டச் சொன்னான். பாரசீகக் காசு வெள்ளி. ரோமனுடையது மாற்றுக் குறையாத பொன். அரசன் ரோமனுக்கே வெற்றி என்றான். அது கான்ஸ்டன்டைன் ராத்தலுக்கு 72 என்று புதிதாக வகுத்த, 4.5 கிராம் காசின் வழிவந்தது. எடை சிறுத்தாலும் மாற்றுச் சிறுக்காததால் அதற்குக் கடல்கடந்து மரியாதை. அதே வேளையில் ஆதிகங்கைக் கரையில் இருமடங்குக்கு மேல் கனத்த காசு மதிப்பிழந்துகொண்டிருந்தது.

*

1783-ன் கல்கத்தாவுக்குத் திரும்புவோம். ஹேஸ்டிங்ஸின் கம்பெனி கல்கத்தாவில் அடித்த மொகராவில் உருவம் எதுவும் கிடையாது. தில்லி பாதுஷா ஷா ஆலமின் பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும். அதே கம்பெனி அதே ஆண்டில் சென்னையில் புழங்கவிட்ட நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் விஷ்ணு, மறுபக்கம் நட்சத்திரம். அதற்கும் முந்திய சென்னை வராகனில் இரு தேவியரோடு வேங்கடேசர். லண்டன் வணிகர்கள் ஓர் ஊரில் பாதுஷாவின் பெயரையும் இன்னோர் ஊரில் பெருமாளின் உருவத்தையும் வைத்துக் காசடித்தார்கள். வாங்குபவர் எதை நம்புகிறாரோ அதைப் பதிப்பது கனிஷ்கனின் தட்டானுக்குத் தெரிந்த பாடம். கம்பெனி அதை நன்றாகவே படித்திருந்தது.

கம்பெனி தனக்கென்று கல்கத்தாவில் பெரிய தங்கசாலை கட்டியது 1820-களில். ஸ்ட்ராண்ட் சாலையில் 1829-ல் அது திறந்தது. முகப்புக்கு வடிவம் தேர்ந்தெடுத்தவர் வில்லியம் ஃபோர்ப்ஸ் என்ற பொறியாளர். ஏதென்ஸ் நகரத்து அதீனா தேவியின் கோயிலைப் பாதி அளவுக்குச் சுருக்கி அப்படியே எழுப்பினார். ஜூனோவின் கோயிலருகே தொடங்கிய தொழில் வங்காளத்தில் அதீனாவின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. 1952-ல் தங்கசாலை கிடர்பூருக்குப் பக்கத்து அலிப்பூருக்கு மாறியது. சுதந்திர இந்தியாவின் காசுகள் அங்கே அடிக்கப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் தெய்வம் இல்லை, சிங்கத் தூண் உண்டு.

அந்த ஸ்ட்ராண்ட் சாலை அதீனா கோயிலுக்குள் 1832-ல் மாற்றுப் பார்க்கும் தலைமை அதிகாரியாக வந்தவருக்குப் பொன்னை உரைத்துப் பார்ப்பது பிழைப்பு. பழங்காசின் எழுத்தைப் படிப்பது பித்து. லண்டன் உருக்கிய காசுகளின் இனத்தை அடையாளம் காண வழி திறந்தவர்களில் அவர் முதல்வர். அசோகனின் பெயரை உலகம் மீண்டும் அறியக் காரணமானவரும் அவரே.

அடுத்த இதழில்: ஜேம்ஸ் பிரின்செப்பும் பேசத் தொடங்கிய காசுகளும்.